பின்னக் கணக்கில் காணப்படும் குறைபாடுகள்

சூடாமணி டீச்சருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியும். அவளுக்கு நேர்ந்த அவமானத்துக்கெல்லாம் காரணம் அதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தமிழ்வழிப் பள்ளி இருக்கிறது. சங்கரன்கோவில், வள்ளியூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். சூடாமணி அங்கே ஐந்தாம் வகுப்பு டீச்சர். தலைமையாசிரியை மே மாதம் ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலியில் சூடாமணி பல வருஷமாகவே மனசுக்குள் உட்கார்ந்து, எழுந்து, மணி அடித்துப் பியூனைக் கூப்பிட்டும் பார்த்தாயிற்று. அந்த நேரம் பார்த்து நிர்வாகம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. இனிமேல் தலைமையாசிரியை ஆக வேண்டுமானால் ‘பாடத்திட்டமும் பயிற்றுமுறையும்’ என்ற துறையில் முதுகலைப் பட்டம் இருக்க வேண்டுமாம்.

“ஏன்னா, இந்த வயசுல போய் நான் படிக்கணுமாக்கும்?” என்று ஸ்ரீவராகத்து வீட்டில் புருஷனிடம் கேட்டாள்.

வெங்கடசுப்ரமணியன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. “சேர்ந்துடு. இல்லேன்னா வேற எவளாவது வந்து உனக்கு உத்தரவு போடுவா. அதையும் தினம் நான்தான் உக்காந்து கேக்கணும்.”

சேர்ந்துவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்பது இதுதான்.

ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில், மென்பொருள் அலுவலகங்களுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் மாடியில் ‘ஒருங்கிணைந்த பாடத்திட்ட பயிற்றுமுறை மேம்பாட்டு நிறுவனம்’ நடந்துவந்தது. கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகைதான் நீளம். வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்காக என்று சனி ஞாயிறில் வகுப்பு. அதாவது, வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நிற்கிறவர்கள் மிச்ச நாளில் இங்கே வந்து உட்கார வேண்டும்.

இயக்குநர் டாக்டர் அழகியநம்பி முதல் நாளே தத்துவத்தைச் சொல்லிவிட்டார். “வகுப்பறையில் ஆசிரியர் பேசவே கூடாது. பிள்ளைகள்தான் பேச வேண்டும். ஆசிரியரின் வாய் மூடும்போதுதான் மாணவனின் மூளை திறக்கிறது.” இதை அவர் காலையில் ஆரம்பித்து, கொண்டுபோன சாப்பாடு ஊசிப்போகும் வரைக்கும் பேசினார். நடுவில் கையைத் தூக்கிய ஒரு நெய்யாற்றின்கரை ஆசிரியரை, “சந்தேகமெல்லாம் கடைசியில்” என்று உட்காரவைத்தார். கடைசியில் நேரம் இல்லை.

அடுத்த மாதம் முழுக்க ஒரே ஒரு விஷயம் படித்தார்கள். பாடக்குறிப்பில் ‘மாணவன் புரிந்துகொள்வான்’ என்று எழுதக் கூடாது. புரிவது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை அளக்க முடியாது. அளக்க முடியாதது நடக்கவே இல்லை. “அப்போ பிள்ளைகளுக்குப் புரிய வேண்டாமா சார்?” என்று சூடாமணி கேட்டுவிட்டாள். இயக்குநர் அவளைப் பரிதாபமாகப் பார்த்து, “பழைய முறையிலேயே இருக்கிறீர்கள் அம்மா” என்றார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருபது வருஷமாகத் தான் பிள்ளைகளுக்குப் புரியவைத்துக்கொண்டிருந்தது பெரிய தப்பு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அனுபவவழிக் கற்றலுக்காகக் கல்லாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு விதிப்படி யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று, ‘நீரைத் தொட்டபோது உங்களுக்குள் எழுந்த உணர்வுகள்’ என்ற தாளை எல்லாரும் நிரப்பினார்கள். மாதிரி உணர்வுகளைப் பஸ்ஸிலேயே கொடுத்திருந்தார்கள். சூடாமணி ‘குளிர்ச்சி, பரவசம், சூழல்மீது அக்கறை’ என்று பார்த்து எழுதி, நல்ல மார்க் வாங்கினாள்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. ஆய்வு என்று ஒன்று வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

பட்டம் வேண்டுமானால் அவரவர் வகுப்பில் அவரவர் ஓர் ஆய்வு நடத்த வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு குறைபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்தேர்வு. பிறகு நிறுவனம் சொல்லும் செயல்வழி முறையில் பாடம் நடத்த வேண்டும். அதற்குப் பின்தேர்வு. முன்னதில் மார்க் குறைந்தும் பின்னதில் கூடியும் இருந்தால் பட்டம். சூடாமணிக்குக் கமிட்டி கொடுத்த தலைப்பு, ‘ஐந்தாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களிடையே பின்னக் கணக்கில் காணப்படும் குறைபாடுகளும் அவற்றை நீக்குவதில் செயல்வழி முறையின் தாக்கமும்.’

முன்தேர்வு வைத்தாள். பிள்ளைகள் சரசரவென்று எழுதி நீட்டிவிட்டார்கள். எல்லாம் சரி.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி பிஜி மேடம் தாள்களைப் புரட்டிப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள். “அய்யோ டீச்சரே, இது எந்தா செஞ்சு வச்சிருக்கீங்க? குட்டிகளுக்கு எல்லாம் தெரியுமல்லோ!”

சூடாமணிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. “ஆமாம் மேடம். ஜூன் மாசமே நடத்திட்டேன்.”

“பின்னே குறைபாடு எவிடே? குட்டிகளுக்கெல்லாம் தெரிஞ்சிருந்தா பின்னே நீங்க எதுக்கு, நான் எந்தினு?”

“அப்போ தலைப்பை மாத்திக்கட்டுமா?”

“தலைப்பு அங்கீகாரம் ஆயிடுச்சே. மாத்தணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி இனி அடுத்த வருஷம்தான் கூடும், கேட்டோ.”

அடுத்த வருஷம் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். விஷயம் இயக்குநரிடம் போயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நிதானமாகப் பேசினார்.

“அம்மா, ஆய்வு என்றால் என்ன? ஒரு பிரச்சினை, ஒரு தீர்வு. தீர்வு நம்மிடம் தயார். அச்சடித்தே வைத்திருக்கிறோம். பிரச்சினை ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறோம். அதைக்கூடக் கொண்டுவர முடியாத ஆசிரியர்களை வைத்துக்கொண்டு நாட்டில் கல்வி எப்படி வளரும்?”

சூடாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மார்க்கை நானே குறைச்சுப் போட்டுடட்டுமா சார்?” என்று கேட்டாள்.

அழகியநம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “பொய்யா? இந்த நிறுவனத்தில் பொய்க்கு இடமே இல்லை! பிள்ளைகள் உண்மையாகவே தப்பாக எழுத வேண்டும். அதை நீங்கள் உண்மையாகவே பதிவு செய்ய வேண்டும்.”

அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, “ஒரு விளையாட்டு விளையாடலாமா?” என்று பிள்ளைகளிடம் கேட்டாள். “கணக்கெல்லாம் தப்பா போடணும். யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். நான் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது.” கடைசி பெஞ்சு அஜினுக்கு மட்டும் ஏக சந்தோஷம். கணக்குப் போட எப்போதும் அலுத்துக்கொள்கிறவனுக்குத் தெரியாது என்று சொல்ல உத்தரவே கிடைத்துவிட்டது.

ஆனால் தப்பாகப் போடுவது அவ்வளவு லேசான காரியமா? இரண்டாவது தடவை எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கேள்விக்கும் பூஜ்யம் என்று எழுதிவிட்டார்கள். பிஜி மேடம் தலையில் அடித்துக்கொண்டாள். “இப்படி ஒரே மாதிரி தப்பு வந்தா யாரு நம்பும்? தப்பு இயற்கையா இருக்கணும் டீச்சரே. பலவிதமா இருக்கணும். புஸ்தகத்திலே வகைகள் உண்டு, பாருங்க.”

ஆக, சூடாமணி தப்பைப் பாடமாக நடத்தினாள். சார்ட் ஒட்டி நடத்தினாள். இந்த வரிசை, மேல் எண்ணை மேல் எண்ணோடும் கீழ் எண்ணைக் கீழ் எண்ணோடும் கூட்ட வேண்டும். அந்த வரிசை, எட்டு பெரிய எண் என்பதால் நாலில் ஒன்றைவிட எட்டில் ஒன்றுதான் பெரிது என்று எழுத வேண்டும். “நாலு பேரு பங்கு வச்சாத்தானே டீச்சர் நிறைய கிடைக்கும்?” என்று பிள்ளைகள் பழக்கதோஷத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். “அது தெரியக் கூடாது” என்று அவள் அதட்டுவாள். அதட்டிவிட்டு, கதவுப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பாள். சரியானதைச் சொல்லிக்கொடுத்த நாளில் ஒருநாளும் அவள் கதவைச் சாத்தியதில்லை.  வெட்கமாக இருந்தது. ஆனால் நாற்காலியும் கண்முன் இருந்தது.

தப்பில் முதலாக வந்தவள் ஷிஜா. கொத்தனார் ஆறுமுகநயினாரின் ஒரே மகள். ஊர் வள்ளியூர்ப் பக்கம்தான் என்றாலும் பிறந்தது இங்கே என்பதால் பேர் மட்டும் மலையாளத்தில் வாய்த்துவிட்டது. இடுப்பைத் தொடும் சடை. எதைச் சொன்னாலும் ஒரு தடவையில் பிடித்துக்கொள்ளும் பிள்ளை. தப்பையும் அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு விடைகூடச் சரியாக இல்லாமல் அவள் தாள் வந்தபோது பிஜி மேடம் பூரித்துப்போனாள். தனியாள் ஆய்வுக்கு இவள்தான் என்று தீர்மானமாகி, சடையோடு ஒரு ‘முன்’ போட்டோவும் எடுத்தாயிற்று.

“எப்ப வரைக்கும் தெரியாம இருக்கணும் டீச்சர்?” என்று ஷிஜா ஒருநாள் கேட்டாள்.

“இன்னும் கொஞ்ச நாள்தான்டி.”

இதோடு போயிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். நிறுவனத்தில் ஓர் அறநெறிக் குழு இருந்தது. பிள்ளையின் குறைபாட்டைப் பெற்றோரிடம் மறைப்பது அறமல்ல என்று அந்தக் குழு கண்டுபிடித்தது. உடனே பள்ளியில் பெற்றோர் விழிப்புணர்வுக் கூட்டம் ஏற்பாடாயிற்று.

பிஜி மேடம் சுவரில் பெரிதாக ஒரு வரைபடம் காட்டினாள். பிள்ளைகளின் பேரும் பேருக்கு மேல் கம்பமும். ஷிஜாவின் பேருக்கு மேல் கம்பமே இல்லை. அரைநாள் வேலையை விட்டுவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார் ஆறுமுகநயினார்.

“ஷிஜாவோட அச்சன் ஆரு? நீங்களா? கற்றல் குறைபாடு. கொஞ்சம் கடுமையாக்கும். பக்ஷே பேடிக்கண்டா, பயம் வேண்டாம், டீச்சர் சரியாக்கும்.”

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சூடாமணி பக்கம் திரும்பினார். “டீச்சர், புள்ள வீட்டுல நல்லாத்தான கணக்கு சொல்லுதா?”

வாயைத் திறந்தால் போதும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிஜி மேடம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாதீங்கோ. சரியாயிடும்” என்றாள் சூடாமணி.

அவள் வாழ்க்கையில் சொன்ன சொற்களில் இதைவிடக் கேவலமானவை கிடையாது. அது அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை ஷிஜா மொட்டைத்தலையோடு, சந்தனம் பூசிக்கொண்டு வந்தாள். “என்னடி இது, தலையில பேன் வந்துடுத்தா?” என்று சூடாமணி கேட்டாள். ஷிஜா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வேப்பெண்ணெய் தடவியிருக்கலாமே, இவ்வளவு முடியையா எடுப்பார்கள் என்று சூடாமணி அங்கலாய்த்துக்கொண்டு பாடத்துக்குப் போய்விட்டாள். பிஜி மேடத்துக்கு வந்த கவலை வேறு. முன் போட்டோவில் முடி இருக்கிறது, இனி எடுக்கப்போகும் பின் போட்டோவில் இருக்காது. இரண்டும் ஒரே குழந்தைதான் என்று சான்று வாங்க வேண்டும். தலைமையாசிரியை முத்திரை போட்டு ஒரு சான்று கொடுத்தார்.

செயல்வழிப் பாடத்தைக் கழக்கூட்டத்துக் கூடத்தில், எல்லார் முன்னிலையிலும் நடத்திக்காட்ட வேண்டும் என்பது விதி. வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்து முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெற்றோர்களையும் வரவழைத்திருந்தார்கள். இப்போது அவர்களுக்குப் பெற்றோர் என்று பேர் இல்லை, பங்குதாரர்கள்.

சூடாமணி ஒரு வட்ட அட்டையை எடுத்தாள். மடித்தாள். வெட்டினாள். நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த கேள்வியைக் கேட்டாள். “ஷிஜா, நாலில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா?”

ஷிஜா அட்டையைப் பார்த்தாள். ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். அதன் பிறகு முகம் மலர்ந்து, “நாலில் ஒன்று டீச்சர்!” என்றாள். கூடம் அதிரக் கைதட்டல். தேர்வாளர் விழித்துக்கொண்டார்.

அழகியநம்பி மைக்கைப் பிடித்தார். “பார்த்தீர்களா? ஓர் அட்டை! ஒரு கத்தரிக்கோல்! இருபது வருஷ அனுபவத்தால் செய்ய முடியாததை எங்கள் முறை இருபது நிமிஷத்தில் செய்துவிட்டது! குழந்தையின் தந்தை இரண்டு வார்த்தை பேசுவார்.”

ஆறுமுகநயினாரைத் தள்ளாத குறையாக மேடையில் ஏற்றினார்கள். அவர் மைக்கைவிட்டுத் தள்ளி நின்று கும்பிட்டார்.

“எனக்குப் பேசத் தெரியாது. அன்னைக்கு எம்புள்ள பேரு சுவத்துல வெறுமன கெடந்ததப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி அவள அடிச்சிட்டேன். அதுக்கு முன்ன ஒருநாளும் தொட்டதில்ல. இத்தன நாளும் தெரிஞ்ச மாதிரி நடிச்சியாட்டின்னு கேட்டு அடிச்சேன். அவ வாயத் தொறக்கல. பொறவு எங்க வீட்டுக்காரி மாடம்மா, புள்ளைக்குப் படிப்பு ஏறணும்னு திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டா. முடிய எடுக்கயில இவ அழுத அழுகைய என்னால பாக்க முடியல. இப்பப் பாத்தா பலிச்சிருக்கு. முருகன் பாதி, டீச்சர் பாதி.”

“ஆகா! அப்பாவுக்கும் பின்னக் கணக்கு வந்துவிட்டது!” என்றார் அழகியநம்பி. கூடமே சிரித்தது.

 தலையில் பேன் வந்துவிட்டதா என்று தான் கேட்டதும், அந்தப் பிள்ளை தலையை ஆட்டியதும் சூடாமணிக்கு நினைவுக்கு வந்தன. நாற்காலி, பட்டம், மே மாதம் எல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று மைக் முன்னால் போய் நின்றாள்.

“ஷிஜாவுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும். எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். ஜூன் மாசமே நடத்தியாச்சு. தப்பா எழுதச் சொல்லி நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்த ஆய்வு பொய். எனக்குப் பட்டம் வேண்டாம்.”

 பிஜி மேடம் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகியநம்பி மட்டும் அசரவில்லை. மைக்கை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கினார்.

“கேட்டீர்களா பெரியோர்களே? இதைத்தான் சுயமதிப்பீடு என்கிறோம். வெற்றி தன்னுடையது என்று எந்த நல்ல ஆசிரியரும் சொல்லமாட்டார். குழந்தைக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும், நான் ஒன்றும் செய்யவில்லை என்பார். என்ன அடக்கம்! இந்த ஒரு பகுதியில்தான் இந்த அம்மாவுக்கு மார்க் குறைவாக இருந்தது. அந்தக் குறையும் இப்போது நீங்கியது.”

தேர்வாளர் பேனாவைத் திறந்து எதையோ எழுதினார். மறுபடியும் கைதட்டல், முதல் தடவையைவிடப் பலமாக.

அவள் மேடையைவிட்டு இறங்கி ஆறுமுகநயினாரிடம் ஓடினாள். அவர் வாசல் பக்கம் மகளோடு நின்றுகொண்டிருந்தார்.

“நான் சொன்னது நிஜம். உங்க பொண்ணு நல்ல கெட்டிக்காரி. அவளை அடிச்சதுக்கும், முடி போனதுக்கும் நான்தான் காரணம். அன்னிக்கு நீங்க கேட்டப்போ நான் வாயைத் திறக்கலை. என்னை எது வேணும்னாலும் சொல்லுங்கோ.”

அவர் வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். “நீங்க பெரிய மனசுல சொல்லுதிய டீச்சர். படிச்சவுக அத்தன பேரு கூடிப் படம் போட்டுல்லா காட்டுனாவ, அது பொய்யாவா இருக்கும்?”

“பொய்தான். வேணும்னா அவளையே கேளுங்கோ.” சூடாமணி குனிந்து ஷிஜாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். மழித்த தலையில் முடி இப்போதுதான் முள்முள்ளாக எட்டிப்பார்த்தது. “சொல்லுடி. உனக்கு முன்னாடியே தெரியும்தானே? அப்பாகிட்டச் சொல்லு.”

ஷிஜா டீச்சரைப் பார்த்தாள். மேடையில் நின்ற இயக்குநரைப் பார்த்தாள், பிஜி மேடத்தைப் பார்த்தாள். யார் கேட்டாலும் என்று டீச்சர் சொன்னதில் டீச்சரும் சேர்த்தியா என்று அவள் யோசித்திருக்க வேண்டும். அப்பா அடித்தபோதுகூடச் சொல்லாத பிள்ளை, இத்தனை பெரியவர்கள் இருக்கும் இடத்தில் டீச்சரைக் காட்டிக்கொடுக்குமா?

“இல்ல டீச்சர். எனக்கு ஒண்ணுமே தெரியாது” என்றாள் கணீரென்று.

“கேட்டியளா? எம்புள்ள பொய் சொல்லாது” என்றார் ஆறுமுகநயினார். “டீச்சர் காலத் தொட்டுக் கும்பிடுட்டி.”

ஷிஜா குனிந்து காலைத் தொட்டாள். எழுந்து நின்று, விடை சொல்லி முடித்த பிள்ளை ‘சரி’ என்று டீச்சர் சொல்வதற்காகக் காத்திருக்கும் முகத்தோடு அவளைப் பார்த்தாள். சூடாமணியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.